குயர் லத்தீனெக்ஸ் இலக்கிய இதழுக்கு அடையாளம் வடிவமைக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் சிறு இலக்கிய இதழ் நடத்துபவர்கள் வடிவமைப்பாளரிடம் வந்து "ஒரு லோகோ போட்டுத் தாருங்கள்" என்றுதான் கேட்பார்கள். லோகோவை மட்டும் கொடுத்தால் அடுத்த வாரமே திரும்பி வருவார்கள். அட்டைப் பெயரெழுத்து, உள்பக்க எழுத்துரு, நிறங்கள், கவிதைக்கும் கதைக்குமான பக்க அமைப்பு, முதுகுப் பட்டை, பார்கோடு, இணையதளம், சமூக ஊடகப் படம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்கு உண்மையில் தேவை. குயர் லத்தீனெக்ஸ், அதாவது பால்புதுமையினரான லத்தீன் அமெரிக்க வம்சாவளி எழுத்தாளர்கள் நடத்தும் இதழ் ஒன்றுக்கு இந்த வேலையைச் செய்தபோது நான் தேடிப் படித்த வழிகாட்டிகள் எல்லாம் பெருநிறுவனங்களுக்காக எழுதப்பட்டவை. பணமில்லாத, பல ஊர்களில் சிதறிக் கிடக்கிற, இரண்டு மூன்று மொழிகளில் பேசுகிற ஓர் ஆசிரியர் குழுவுக்கு அவை உதவவில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டோ, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டோ இப்படி ஒரு வேலையை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காகிதங்கள், பெயர், எழுத்து, நிறம், கடைசியில் சின்னம். பெரும்பாலோர் சின்னத்தில் தொடங்குகிறார்கள். இந்த வகை இதழில் அப்படித் தொடங்கினால் வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

1. பணம் வாங்க உங்களுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள்

இதைத் தமிழ் வாசகர்களுக்கு முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எச்-1பி விசாவில் இருப்பவர் மனுப்போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். வெளியே பகுதிநேர வடிவமைப்புக்குப் பணம் வாங்க முடியாது. "பணம் வேண்டாம், சும்மா செய்து தருகிறேன்" என்பதும் பாதுகாப்பான வழியல்ல. வழக்கமாகச் சம்பளம் தரப்படும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவருக்கு இந்தத் தடையில்லை. படிப்பு முடித்து ஓபிடி என்ற மாணவர் வேலை அனுமதியில் இருப்பவர் தன் துறை சார்ந்த வேலை என்றால் செய்யலாம். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

பணம் தரும் இதழுக்கு, அமெரிக்காவில் வரி செலுத்துபவர் டபிள்யூ-9 என்ற வரிப் படிவம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வேலை செய்பவர் டபிள்யூ-8பென் கொடுக்க வேண்டும். வேலை முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே நடந்தால் அந்தப் பணத்தில் அங்கே வரி பிடிக்கத் தேவையில்லை. இது தெரியாத சின்ன இதழ்கள் 30 சதவீதம் பிடித்துவிடும் அபாயம் உண்டு. படிவத்தோடு இரண்டு வரி விளக்கத்தையும் அனுப்பிவையுங்கள். அமெரிக்காவில் தனியாகத் தொழில் செய்பவராக இருந்தால், ஆண்டு நிகர வருமானம் 400 டாலரை எட்டினாலே சுயதொழில் வரி உண்டு. பணம் கொடுத்தவர் அனுப்பும் 1099 வருமானப் படிவத்துக்கான வரம்பு 600 டாலராக இருந்தது, 2026 முதல் 2,000 டாலர். படிவம் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

2. ஒப்பந்தம்: ஒரு பக்கம் போதும், ஆனால் இருக்க வேண்டும்

அமெரிக்கச் சட்டப்படி, ஊழியர் அல்லாத ஒருவர் வரைந்த லோகோவின் பதிப்புரிமை, பணம் கொடுத்த உடனே இதழுக்குப் போய்விடாது. கையெழுத்திட்ட உரிமை மாற்ற ஆவணம் வேண்டும். இதழ்காரர்கள் பலர் "பணம் கொடுத்துவிட்டோம், எங்களுடையது" என்று நினைத்திருப்பார்கள். பிறகு மானியத்துக்கோ வணிகக்குறிக்கோ விண்ணப்பிக்கும்போது உங்களைத் தேடி அலைவார்கள். கடைசித் தவணை வந்து சேர்ந்ததும் உரிமை மாறும் என்று எழுதுங்கள். இரு தரப்புக்கும் அது பாதுகாப்பு.

ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு விஷயங்கள் வேண்டும்: எத்தனை முறை திருத்தம், வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தொகை, மூலக் கோப்புகள் யாருக்கு, இறுதி முடிவு யார் கையில். கடைசியாகச் சொன்னதுதான் உயிர். கூட்டுக்குழுவாக நடக்கும் இதழ்களில் எல்லாரும் சமம் என்பது அழகான கொள்கை. ஆனால் இளஞ்சிவப்பு எந்த அளவு இளஞ்சிவப்பு என்பதை ஏழு பேர் மின்னஞ்சலில் முடிவு செய்ய முடியாது. குழு தனக்குள் எப்படி வேண்டுமானாலும் வாதிடட்டும். உங்களுக்குப் பதில் ஒருவரிடமிருந்து மட்டும் வரவேண்டும்.

3. யாருடைய இதழ் என்று கேளுங்கள்

ஆண், பெண் என்று பிரிக்காத லத்தீனெக்ஸ் என்ற ஒரு சொல்லுக்குள் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் சிக்கானாக்கள் (மெக்ஸிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண்கள்), நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் டொமினிக்கர்கள், புவேர்ட்டோ ரிக்கர்கள், எல் சால்வதோரில் இருந்து வந்தவர்கள், பிரேசிலியர்கள், கறுப்பின லத்தீனோக்கள், ஸ்பானிஷே தாய்மொழி அல்லாத மாயா மக்கள் எல்லாரும் இருக்கிறார்கள். மெக்ஸிகோவின் சின்னம் ஒன்றை அட்டையில் வைத்துவிட்டு "உங்கள் எல்லாருடைய இதழ்" என்றால் பாதிப்பேர் ஒப்பமாட்டார்கள். எழுதுபவர்கள் எந்தெந்த நாட்டினர், எந்தெந்த மொழிகளில் படைப்புகள் வரும், திருநர் எழுத்தாளர்கள் எத்தனை பேர், அச்சா இணையமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆசிரியர் குழுவுக்கு வெளியே அந்தச் சமூகங்களைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு வரைவுகளைக் காட்ட வேண்டும், அதற்குப் பணமும் கொடுக்க வேண்டும். மொத்தக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள். நீங்கள் பால்புதுமையினராக இருக்கலாம். அதனால் மட்டும் இந்த மக்களின் வீட்டு நினைவுகள் உங்களுக்குத் தெரிந்துவிடாது.

4. பெயரைப் பூட்டுங்கள்

எழுத்தை வரையத் தொடங்கும் முன் அமெரிக்கக் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகத்தின் இணையத் தேடலில் பெயரைத் தேடிப் பாருங்கள். தேடல் இலவசம். வணிகக்குறி வகைப்பாட்டில் அச்சு இதழ் 16-ஆம் வகுப்பில் வரும், இணையத்தில் மட்டும் படிப்பது 41-ஆம் வகுப்பில் வரும், இரண்டையும் பாருங்கள். பதிவு செய்ய 2025 ஜனவரியிலிருந்து வகுப்புக்கு 350 டாலர் அடிப்படைக் கட்டணம். முதல் இதழுக்கே பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை, தேடல்தான் கட்டாயம்.

"லத்தீனெக்ஸ்" என்பதை லோகோவுக்குள் அடைக்காதீர்கள். சிலர் "லத்தீனே" என்கிறார்கள், சிலர் இரண்டையும் விரும்புவதில்லை. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் உள்ள லத்தீன் வம்சாவளிப் பெரியவர்களில் 4 சதவீதத்தினரே லத்தீனெக்ஸ் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். இதழ் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அது லோகோவுக்குக் கீழே தனி வரியாக இருந்தால், நாளை குழு மனம் மாறும்போது ஒரு வரியை மாற்றினால் போதும்.

5. எழுத்துரு: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

அடோபி மென்பொருளில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும் தமிழைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கவே தேவையில்லை. அதே அவமானம் இவர்களுக்கும் நடக்கிறது. முன்யோஸ், நூன்யெஸ் என்ற பெயர்களில் வரும் ñ எழுத்தின் மேல் உள்ள அலைக்கோடு அட்டையில் காணாமல் போகும். அல்லது வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிய எழுத்து ஒன்று தனியாகத் துருத்தி நிற்கும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனைத் தாள் தயாரியுங்கள். அதில் வரவேண்டியவை:

ஸ்பானிஷின் ஐந்து உயிர்களும் சாய்கோட்டோடு, சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும். பெரிய எழுத்துக்கு அழுத்தக்குறி தேவையில்லை என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அது தவறு. அட்டையில் எல்லாம் பெரிய எழுத்தாக வைத்து வரிகளை நெருக்கினால் குறி மேல்வரியில் போய் முட்டும், அதையும் பாருங்கள். தலைகீழ் கேள்விக்குறி, தலைகீழ் வியப்புக்குறி. உரையாடலைத் தொடங்கும் நீண்ட கோடு, இரட்டைக் கோண மேற்கோள்.

போர்ச்சுகீசியத்துக்கு ஏ, ஓ மேல் அலைக்கோடும், வால் வைத்த சி எழுத்தும்.

தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான குவாரானிக்கு ஜி எழுத்தின் மேல் அலைக்கோடு. இது பல எழுத்துருக்களைக் கவிழ்க்கும் இடம். யூனிகோடில் அதற்குத் தனிக் குறியீடு கிடையாது. ஜி எழுத்தும் இணைப்புக் குறியும் சேர்ந்துதான் உருவாகும். எழுத்துருவில் இணைக்கும் இடம் ஒழுங்காகக் குறிக்கப்படவில்லை என்றால் அலைக்கோடு பக்கத்தில் போய் நிற்கும்.

மாயா மொழிகளில் மெய்யெழுத்தை அடுத்து வரும் மேற்குறி (') அந்த எழுத்தின் பகுதி, மேற்கோள் அல்ல. மென்பொருள் அதைத் தானாக வளைத்துத் திருப்பிவிடும். தானியங்கி மேற்கோள் திருத்தத்தை அணைத்துவையுங்கள்.

இந்தத் தாளில் தேறியதை மட்டும் ஆசிரியருக்குக் காட்டுங்கள். தேறாத ஒன்றின் மேல் அவர்களுக்குக் காதல் வந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம்.

செலவைப் பொறுத்தவரை திறந்த உரிம எழுத்துருக்களே போதும். அர்ஜென்டினாவின் எழுத்துருக் குழுவான உவேர்த்தா திப்போகிராஃபிகா வெளியிட்ட அலெக்ரேயா இலக்கிய வாசிப்பை மனதில் வைத்து உருவானது. அச்சுக்கும் இணையத்துக்கும் கட்டணமில்லை. ஹுலியேத்தா உலானோவ்ஸ்கியின் மோன்செராத் புவெனஸ் அயர்ஸ் நகரின் பழைய பெயர்ப்பலகைகளிலிருந்து பிறந்தது. அழகானது, ஆனால் உலகமெங்கும் தேய்ந்துபோய்விட்டது. அட்டைப் பெயருக்கு எனக்கு அது வேண்டாம். பால்புதுமையினர் கிளர்ச்சிக்குப் பெயர்பெற்ற நியூயார்க் ஸ்டோன்வால் மதுக்கூடத்தின் செங்குத்துப் பலகையிலிருந்து வோக்கல் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் உருவாக்கிய மார்ஷா எழுத்துருவுக்குக் கட்டணம் உண்டு. கட்டண எழுத்துரு என்றால் கணினி உரிமம், இணைய உரிமம் இரண்டும் தனித்தனி, அவை இதழின் பெயரில் வாங்கப்பட வேண்டும். உங்கள் பெயரில் வாங்கினால் நீங்கள் விலகிய நாளில் இதழ் எழுத்தில்லாமல் நிற்கும்.

6. நிறம்: வானவில்லை உடனே எடுக்காதீர்கள்

பால்புதுமையினரின் அடையாளமான, கில்பர்ட் பேக்கரின் 1978 வானவில் கொடியை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். டேனியல் குவேசர் 2018-இல் வடிவமைத்த, அம்புமுனை சேர்ந்த கொடி அப்படியல்ல. அது வணிகம் சாராத பயன்பாட்டுக்கான உரிமத்தில் இருக்கிறது. விலை போட்டு விற்கும் இதழின் அட்டையில் வைப்பதானால் அனுமதி கேளுங்கள். ஏழு பட்டை வானவில்லைப் போட்டால் பெருவியர்களுக்குக் குஸ்கோ நகரின் கொடி நினைவுக்கு வரும். வேடிக்கைதான், ஆனால் அச்சடித்த பிறகு தெரிந்தால் வேடிக்கையாக இருக்காது.

லத்தீன் அமெரிக்காவில் நிறங்கள் அரசியல் பேசும். பச்சை என்றால் அர்ஜென்டினாவில் தொடங்கிப் பரவிய கருக்கலைப்பு உரிமைப் போராட்டத்தின் கைக்குட்டை. புவேர்ட்டோ ரிக்கோ கொடியின் முக்கோணத்தை வெளிர்நீலமாகப் போட்டால் விடுதலை ஆதரவு என்றும், கருநீலமாகப் போட்டால் அமெரிக்காவோடு இணக்கம் என்றும், கறுப்பு வெள்ளையில் போட்டால் எதிர்ப்பு என்றும் வாசிப்பார்கள். இவற்றைத் தவிர்க்கச் சொல்லவில்லை, தெரிந்து பயன்படுத்தச் சொல்கிறேன்.

திரையில் ஒளிரும் இளஞ்சிவப்பு நான்கு வண்ண அச்சில் மங்கிப்போகும். அது வேண்டுமானால் தனி மை வாங்க வேண்டும், செலவு ஏறும். சிறிய எண்ணிக்கை என்றால் ரிசோகிராஃப் என்ற நகலச்சு இயந்திரம் நல்ல வழி. ஒளிர் இளஞ்சிவப்பு மை அதில் வழக்கமாகக் கிடைப்பது. ஆனால் ரிசோ மை முழுதாகக் காய்வதில்லை, விரலில் ஒட்டும். அட்டை முழுக்க நிரப்பாதீர்கள். இணையத்தில் வாசிப்பு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டு விகிதம் இருக்கட்டும். வெள்ளை மேல் மஞ்சள் அந்தச் சோதனையில் தேறாது.

7. சின்னங்களும் படங்களும்: இலவசம் என்பதால் எடுத்துவிடாதீர்கள்

மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் முகம், சர்க்கரை மண்டையோடு, கத்தரித்த காகிதத் தோரணம், படச்சீட்டு விளையாட்டான லோத்தேரியாவின் சீட்டு. முதல் கூட்டத்தில் யாராவது இவற்றைச் சொல்வார்கள். ஃப்ரீடாவின் பெயர் வணிகக்குறியாகப் பதிவானது. லோத்தேரியா சீட்டுகளின் பரவலாக அறியப்பட்ட படங்களுக்கு உரிமையாளர் உண்டு. தெனாங்கோ பூவேலை போன்ற பழங்குடி வடிவங்களை எடுத்ததற்காக 2019-இல் மெக்ஸிகோவின் கலாசார அமைச்சகமே கரோலினா எர்ரேரா ஆடை நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. 2022-இல் அந்த நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

உரிமைச் சிக்கல் இல்லாத படத்திலும் பொறி இருக்கும். 1901 நவம்பரில் மெக்ஸிகோ நகரில் ஒரு நடன விருந்துக்குள் போலீஸ் புகுந்து 41 ஆண்களைப் பிடித்தது. சிலர் பெண் உடையில் இருந்தார்கள். அதைக் கேலி செய்து விற்ற துண்டுத்தாள்களுக்குப் படம் வரைந்தவர் மெக்ஸிகோ ஓவியர் போசாதா. அவர் இறந்தது 1913-இல், படங்கள் பொதுச்சொத்து. குயர் இதழுக்கு இதைவிடப் பொருத்தமான படம் உண்டா என்று தோன்றும். ஆனால் அது கேலிச் சித்திரம். 41 என்ற எண்ணே பின்னர் வசையாகிவிட்டது. அதை மீட்டெடுத்து அணிந்துகொள்வது மெக்ஸிகோ குயர் மக்கள் எடுக்க வேண்டிய முடிவு, வடிவமைப்பாளர் முன்மொழிய வேண்டியதல்ல.

ஆவணக் காப்பகப் புகைப்படம் வேண்டுமென்றால் அன்றைக்கே கடிதம் எழுதுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் பால்புதுமையினர் காப்பகமான வன் ஆர்க்கைவ்ஸ், ஆஸ்டினில் சிக்கானா எழுத்தாளர் குளோரியா ஆன்சால்தூவாவின் ஆவணங்களை வைத்திருக்கும் பென்சன் நூலகம் இரண்டும் நல்ல தொடக்கம். காப்பகத்திடம் காகிதம் இருக்கிறது என்பதால் பதிப்புரிமையும் அங்கே இருப்பதாக அர்த்தமில்லை. புகைப்படம் எடுத்தவரையோ வாரிசையோ தனியாகத் தேட வேண்டும். இந்த அனுமதிகள்தான் காலத்தை அதிகம் தின்னும்.

என் தீர்ப்பு: இப்படிப்பட்ட இதழுக்குப் படச்சின்னமே தேவையில்லை. அலைக்கோடும் தலைகீழ் கேள்விக்குறியும் இதழின் பெயரிலேயே இருந்தால் அவற்றைவிட நல்ல சின்னத்தை யார் வரையப்போகிறார்கள்? சமூக ஊடக வட்டத்துக்குள்ளும் 32 பிக்சல் சதுரத்திலும் அந்த ஒரு குறி தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

8. உள்பக்கங்கள்

ஆங்கில வாக்கியத்தின் நடுவே வரும் ஸ்பானிஷைச் சாய்வெழுத்தில் போடக்கூடாது. பல லத்தீனெக்ஸ் எழுத்தாளர்கள் இதில் உறுதியாக இருக்கிறார்கள், தங்கள் மொழியை அந்நியமாகக் காட்டும் வழக்கம் என்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்டு விதியாக எழுதிக்கொள்ளுங்கள். பத்திக்குப் பத்தி மொழியைக் குறித்துவையுங்கள். இல்லையென்றால் மென்பொருள் ஸ்பானிஷ் சொல்லை ஆங்கில விதிப்படி வரி முடிவில் உடைத்துவிடும். இணையப் பக்கத்திலும் மொழிக்குறி வேண்டும். அது இல்லாவிட்டால் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் ஸ்பானிஷை ஆங்கில உச்சரிப்பில் படித்துக் குதறும். பக்க அகலத்தை நீண்ட கவிதை வரியை வைத்து முடிவு செய்யுங்கள், கதையை வைத்தல்ல.

9. பெயர்களைக் காப்பாற்றுங்கள்

வரிப் படிவத்தில் சட்டப்பெயர் இருக்கும். திருநர் எழுத்தாளரின் பெயர் இதழில் வேறாக இருக்கும். வீட்டில் சொல்லாதவர்கள் புனைபெயரில் எழுதுவார்கள். குடியேற்ற ஆவணங்கள் இல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்கான ஐடின் என்ற வரி எண்ணைக் கொடுக்கலாம். வடிவமைப்பாளருக்கு வரவேண்டியது வெளியிடும் பெயர் மட்டுமே. கணக்கு வழக்குக் கோப்பை உங்களுக்குப் பகிர வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்படியும் கசியும் இடங்கள் உண்டு. வேர்ட் கோப்பின் ஆசிரியர் விவரம் பிடிஎஃப்பில் ஒட்டிக்கொண்டு வரும். கைப்பேசிப் படத்தில் வீட்டின் இருப்பிடக் குறி இருக்கும். கோப்பின் பெயரிலேயே பழைய பெயர் இருக்கும், அது இணைய முகவரியில் போய் உட்காரும். வெளியிடும் முன் இம்மூன்றையும் துடைப்பது உங்கள் வேலைப் பட்டியலில் இருக்கட்டும்.

10. ஐஎஸ்எஸ்என், அச்சு, தபால்

இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள மையம் இலவசமாகத் தருகிறது. யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள். அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனி எண். முதல் இதழ் வரும் முன்பே அட்டையின் மாதிரியை வைத்து விண்ணப்பிக்கலாம்; ஆக, அட்டை மாதிரி முன்கூட்டியே முடிய வேண்டும். அட்டையிலும் விவரப் பக்கத்திலும் பெயர் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். பின்னால் பெயரை மாற்றினால் புது எண் வாங்க வேண்டும். பார்கோடு 977 என்று தொடங்கும், அதற்கு வெள்ளை இடம் விடுங்கள். புத்தகக் கடைகளுக்காக ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணும் வேண்டுமென்றால், அமெரிக்காவில் அதை விற்கும் பவுக்கர் நிறுவனத்தில் ஒன்று 125 டாலர், பத்து 295 டாலர். பத்தாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

முதுகுப் பட்டையில் எழுத்து எந்தப் பக்கம் ஓட வேண்டும்? ஆங்கில நூல்களில் மேலிருந்து கீழ், ஸ்பானிஷ் நூல்களில் பெரும்பாலும் கீழிருந்து மேல். இருமொழி இதழுக்கு எது என்று குழு முடிவு செய்யட்டும், பிறகு எல்லா இதழிலும் அதையே வையுங்கள். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும். ஓரத்தில் வெட்டுக்காக 0.125 அங்குலம் விடுங்கள். அச்சகம் திரையில் காட்டும் மாதிரியை நம்பாமல் காகித மாதிரி கேளுங்கள்; என் கோப்பு ஒருமுறை திரும்பி வந்ததே திரையில் தெரியாத ஒரு நிறக் குழப்பத்தால்தான்.

தபாலையும் வடிவமைப்பின்போதே கணக்கிடுங்கள். பெரிய உறையாகப் போக 12-க்கு 15 அங்குலத்துக்குள்ளும் முக்கால் அங்குலக் கனத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நூல்களுக்கான தபால் வகையான மீடியா மெயிலில் அனுப்ப விரும்பினால் இதழில் விளம்பரம் இருக்கக்கூடாது. கடைசிப் பக்கத்தை 50 டாலருக்கு விற்றுவிட்டு, தபாலில் அதைவிட அதிகம் இழப்பவர்கள் உண்டு.

11. காலமும் ஒப்படைப்பும்

இதழ்காரர்கள் பால்புதுமையினர் கொண்டாடும் ஜூன் பிரைட் (பெருமித) மாதத்தையோ, செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையிலான ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தையோ வெளியீட்டுக்குக் கேட்பார்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் குறைந்தது நான்கு மாதம் எண்ணுங்கள். அனுமதிக் கடிதங்கள் முதல் வாரத்தில் போகட்டும். எழுத்துருச் சோதனையும் வெளி வாசகர் கருத்தும் முதல் இரண்டு மாதத்தில், அட்டை மாதிரியும் ஐஎஸ்எஸ்என் விண்ணப்பமும் மூன்றாம் மாதத் தொடக்கத்தில், மீதி அச்சுக்கு.

ஒப்படைக்கும் கோப்புறையில் லோகோவின் வெக்டர் கோப்பு, ஒற்றை நிறப் பதிப்பு, எழுத்துருவும் அதன் உரிமக் கோப்பும், நிற எண்கள், பக்க வார்ப்புரு, சோதனைத் தாள், அனுமதிக் கடிதங்களின் நகல் இருக்கட்டும். அடுத்த இதழைச் செய்யப்போவது அநேகமாக அடோபி சந்தா இல்லாத ஒரு தன்னார்வலர். அதனால் இலவசப் பக்கவடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் திறக்கும் வார்ப்புரு ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். அவர் உங்களைத்தான் அழைப்பார். அந்த அழைப்புகளுக்கான மணிநேரக் கட்டணத்தை இரண்டாம் படியில் சொன்ன ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.